கட்டி சார்க் மாதிரி: உடல் செதுக்குவது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: கட்டி சார்க் (Cutty Sark) என்ற பழைய பாய்மரக் கப்பலின் மாதிரிக்கு உடலை ஒரே மரக்கட்டையில் செதுக்கலாமா, பலகைகளை அடுக்கி ஒட்டலாமா?

பதில்: அடுக்கி ஒட்டுங்கள். வரைபடத்தில் இரண்டு நீர்மட்டக் கோடுகளுக்கு (உடலைக் கிடைமட்டமாக வெட்டினால் தெரியும் விளிம்புகளுக்கு) இடையிலுள்ள உயரமே ஒரு பலகையின் தடிமன். ஒவ்வொன்றையும் அதன் மேல்கோட்டின்படி அறுத்து, நடுக்கோடு பொருந்த ஒட்டினால் இருபுறமும் படிகள் தெரியும். படிகளின் உள்மூலை வரை செதுக்கி நிறுத்துங்கள். அதற்குமேல் ஓர் இழைகூட எடுக்கக் கூடாது. நடுக்கோடு உளி பட்டு மறைந்தால் உடனே திரும்ப வரையுங்கள்.

கேள்வி: எந்த மரம்?

பதில்: குமிழ். தேக்கின் எண்ணெய்ப் பசை ஒட்டைக் கெடுக்கும். பால்சா விரல் அழுத்தினாலே குழியும்.

கேள்வி: இடமும் வலமும் ஒன்றாக வரவில்லையே?

பதில்: கண்ணை நம்பாதீர்கள். குறுக்குவெட்டுப் படத்திலிருந்து அட்டையில் டெம்ப்ளேட் (அளவு பார்க்கும் வடிவ அச்சு) வெட்டி, அதையே புரட்டி இருபுறமும் வைத்துப் பாருங்கள். விளிம்பில் பென்சில் கரி பூசினால் மேடு எங்கே என்று கறை காட்டும். பிறகு நீளவாக்கில் மெல்லிய மூங்கில் சிம்பை வளைத்து வையுங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே பள்ளம். நடுக்கோடு அழிந்திருந்தால் இவை எதுவும் பயன்படாது.

கேள்வி: கட்டையில் செதுக்கியது மாதிரிக் கப்பலே அல்ல. விலாக்களின் (உடலைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின்) மேல் பலகை ஒட்டுவதே முறை.

பதில்: இதை மறுக்கிறேன். 1869இல் ஸ்காட்லாந்தின் டம்பார்டனில் நீரில் இறங்கிய அந்தக் கப்பலுக்கு இரும்புச் சட்டங்கள், அவற்றின்மேல் மரப்பலகை. நீருக்குக் கீழே செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகத் தகடு, மேலே கறுப்பு வண்ணம். 96இல் ஒரு பங்கு அளவில் பலகையின் மூட்டு யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? தவிர, 19ஆம் நூற்றாண்டில் கப்பல் கட்டியவர்கள் பலர் முதலில் பாதி உடலைக் கட்டையில் செதுக்கி, அதிலிருந்தே அளவெடுத்து முழுக் கப்பலுக்குப் பெருக்கினார்கள். தொழில் செய்தவர்களே கட்டையிலிருந்து தொடங்கினார்கள் என்றால் நமக்கு அது எப்படிக் குறையாகும்?

கேள்வி: அப்படியானால் விலாக்களைக் காட்ட விரும்புகிறவர்கள்?

பதில்: 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கடற்படை மாதிரிகள் பலவற்றில் கீழ்ப்பகுதியை மூடாமல் விட்டிருப்பார்கள். அந்த அழகு கட்டையில் வராது. அங்கே உங்கள் முறைதான்.

கேள்வி: பள்ளம் விழுந்துவிட்டது. புட்டி (நிரப்பும் பசை) வைக்கலாமா?

பதில்: கீறல் என்றால் வைக்கலாம். பள்ளம் என்றால் அதே மரத்துண்டை ஒட்டித் திரும்பச் செதுக்குங்கள்.

கேள்வி: முன்பக்கம் அதிகம் தேய்ந்துவிட்டது, என்ன செய்வது?

பதில்: முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இயந்திரத்தில் தேய்த்தால் விரைவாக முடியுமே?

பதில்: விரைவாகக் கெடும். எதில் தேய்த்தாலும் முகக்கவசம் கட்டாயம். மரத்தூசி மூக்குப் புற்றுநோய்க்குக் காரணமாகும்.

கேள்வி: அடிக்கட்டையை (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டையை) எப்போது பொருத்துவது?

பதில்: உடலின் இறுதித் தேய்ப்புக்கு முன்பே. அடியில் அதற்கான பள்ளத்தை வெட்டும் முன் நடுக்கோட்டை முன்முனையிலிருந்து பின்முனை வரை நூல் பிடித்துச் சரிபாருங்கள்.