டிஷ்யூ பொட்டலம் வைத்துப் பிடித்த இடம்

வணக்கம் மேடம்,

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மூன்று வாரமாகச் சரியாகத் தூக்கம் இல்லை. நாங்கள் ஈசூனில் இருக்கிறோம். கணவருக்குக் கப்பல் பட்டறையில் வேலை. நான் ஒரு பல் மருந்தகத்தில் முகப்பில் உட்காருகிறேன். ஒரே மகன், இருபது வயது. ராணுவத்தில் தேசிய சேவை செய்கிறான், ஜூலையில் முடிகிறது.

ஏ நிலைத் தேர்வில் நன்றாகச் செய்தவன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யூஎஸ்) பொறியியலுக்கு அப்போதே இடம் கொடுத்து, சேவை முடியும்வரை அவனுக்காக வைத்திருக்கிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அமெரிக்காவில் ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தோம். நான்கில் இல்லை என்றுவிட்டார்கள். ஐந்தாவது, அதுதான் இருப்பதிலேயே பெரியது, காத்திருப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. இல்லை என்றால் இல்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? இந்த இரண்டுங்கெட்டான் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

என் நாத்தனார் மகள் போன வருடமே மெல்பர்ன் போய்விட்டாள். பங்குனி உத்திரத்தன்று ஈசூன் பாலசுப்பிரமணியர் கோயிலில், பால்குடம் பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம் அண்ணி, மயிரிழையில போயிடுச்சே" என்றாள். அது ஆறுதலா? அவள் மகள் இவனைவிடக் குறைவான மதிப்பெண் எடுத்தவள். அவன் தொடக்கக் கல்லூரி ஆசிரியரும் பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி நாளில்தான் அனுப்பினார். அவர் முன்பே அனுப்பியிருந்தால் கதையே வேறு. ஆலோசகர் ஒருவருக்கு 4,000 வெள்ளி கொடுத்தோம். இப்போது போன் செய்தால் எடுப்பதில்லை.

முடிவு ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தது. அவன் அன்று வெளிப்பயிற்சியில் இருந்தான், அதனால் நான்தான் திறந்து பார்த்தேன். கை நடுங்கியது. அன்று இரவு முகாமிலிருந்து புக் அவுட் ஆகி வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். "விடுங்கம்மா, வேணாம். என்யூஎஸ்ஸே போறேன்" என்று சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேட்டான். இதுதான் என்னைக் கொல்கிறது மேடம். அவனுக்கு அக்கறையே இல்லை. மறுநாள் நண்பர்களோடு ஃபுட்சால் விளையாடப் போய்விட்டான். எனக்குச் சோறு இறங்கவில்லை, அவன் சிரித்துக்கொண்டு போகிறான்.

அந்த ஆலோசகர் கடைசியாகப் பேசியபோது, பட்டியலில் தொடர விருப்பமா என்று கேட்கும் பெட்டியில் உடனே 'ஆம்' அழுத்த வேண்டும், கூடவே ஒரு கடிதமும் அனுப்ப வேண்டும் என்றார். மகன் ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குத் திரும்பிவிட்டதால் அதை நானே அவன் பெயரில் செய்துவிட்டேன். 'இதுதான் என் முதல் விருப்பம், இடம் தந்தால் கட்டாயம் வருவேன்' என்று நன்றாகவே எழுதினேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை, நேரம் அமையவில்லை. அது கிடக்கட்டும்.

கணவரிடம் சொன்னால் "விடு" என்கிறார். எப்படி விடுவது? தொடக்கநிலை இறுதியாண்டுத் தேர்வு சமயத்தில் ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தவள் நான். பணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம். இடம் கிடைத்தால் போதும். ஆனால் அவனுக்கு அக்கறையே இல்லை. தினமும் காலையில் எழுந்து அவன் மின்னஞ்சலைப் பார்ப்பது நான். அந்த ஆசிரியர் மட்டும் நேரத்தோடு அனுப்பியிருந்தால்!

இன்னும் என்ன செய்தால் பட்டியலிலிருந்து எடுப்பார்கள்? மிருதங்கச் சான்றிதழ்களை அனுப்பலாமா? நேரில் போய்ப் பார்ப்பதில் பலன் உண்டா? அவனுக்கு அக்கறையே இல்லாதபோது அவனை எப்படி முடுக்கிவிடுவது? உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம்,
ஈசூன்

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் நாத்தனாரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு நாத்தனார் உண்டு, நானும் ஒருத்திக்கு நாத்தனார்தான். ஆசிரியரையும் ஆலோசகரையும்கூட அப்படியே ஓரமாக வைப்போம். உங்கள் கடிதத்தில் "அது கிடக்கட்டும்" என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைக் கிடக்க விடப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை இரவு உங்கள் மகன் "வேணாம்" என்றான். ஞாயிற்றுக்கிழமை அவன் முகாமுக்குப் போனதும் நீங்கள் அவன் பெயரில் "ஆம்" அழுத்தினீர்கள். இந்த இரண்டையும் கடிதத்தில் வெவ்வேறு இடத்தில் வைத்திருக்கிறீர்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் காத்திருப்புப் பட்டியலில் யாரையும் கேட்காமல் நிறுத்தி வைப்பதில்லை. நிற்க விருப்பமா என்று கேட்பார்கள், விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளலாம். அந்தக் கேள்விக்கு உங்கள் மகன் பதில் சொல்லிவிட்டான். தோசைக்கு நடுவில் சொன்னதால் அது பதில் இல்லை என்று ஆகிவிடாது. "அவனுக்கு அக்கறையே இல்லை" என்று மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். அவன் கணக்கில் இந்த விஷயம் அந்த மேசையிலேயே முடிந்துவிட்டது. முடிந்துபோன ஒன்றுக்காக எவன் தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பான்? விளையாடப் போனான். சரியான காரியம்தான்.

உணவங்காடி நிலையத்தில் டிஷ்யூ பொட்டலம் வைத்து மேசை பிடிப்போமே, அதைத்தான் செய்திருக்கிறீர்கள். எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டுப் போனவனுக்காக இடம் பிடித்து வைத்துக்கொண்டு, இவன் ஏன் இன்னும் வரவில்லை என்று மூன்று வாரமாகக் கோபத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் இன்று காத்திருப்பது நீங்கள் ஒருவர்தான். உங்கள் தூக்கம் போனதற்கும் பாதிக் காரணம் அதுதான் என்பேன். பல்கலைக்கழகத்தின் பதில் ஒருபக்கம் இருக்கட்டும். அது 'வாருங்கள்' என்று வந்துவிட்டால் அவனிடம் என்ன சொல்வீர்கள்?

"நேரம் அமையவில்லை" என்கிறீர்கள். மூன்று வாரத்தில் எத்தனை முறை புக் அவுட் ஆகி வந்திருப்பான்? தோசைக்கு நேரம் அமைந்தது.

கடுமையாகப் பேசுகிறேன், தெரிகிறது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்துக் காவல் நில் என்கிறது நாடு. அவனுடைய பாஸ்வேர்டு மட்டும் அம்மா கையில் இருக்கிறது. முடிவு வந்த காலையில் அவன் வெளிப்பயிற்சியில் இருந்தால் என்ன? அந்த மின்னஞ்சல் இரவுவரை காத்திருந்தால் கெட்டா போயிருக்கும்? அதைத் திறக்கும்போது நடுங்க வேண்டிய கை அவனுடையது. அந்த நடுக்கத்தையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். நானும் யோக்கியமில்லை. என் மகளின் ஓ நிலைத் தேர்வு முடிவை, அவள் வாய் திறப்பதற்கு முன்னால் அவள் தோழியின் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள்தான் நான். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

இந்த ஊர் நம்மை இப்படிப் பழக்கிவிட்டது. தொடக்கப்பள்ளியில் பிள்ளைக்கு இடம் வேண்டும் என்று 40 மணி நேரம் பெற்றோர் தொண்டூழியம் செய்து, பள்ளி நூலகத்தில் புத்தகம் அடுக்கிய அம்மாக்களை எனக்குத் தெரியும். நீங்கள் ஆறு மாதச் சம்பளத்தை விட்டீர்கள். யாரும் அதற்கு ஒரு நன்றி சொல்லியிருக்க மாட்டார்கள், அந்த வலியும் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. வரிசையில் பிள்ளைக்குப் பதிலாக அம்மா நிற்கலாம் என்பது ஆறு வயதில் சரி, பன்னிரண்டு வயதில்கூடப் போனால் போகிறது. "விண்ணப்பித்தோம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த 'தோம்' இருபது வயதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவன் பேசும்போது எந்த விகுதி வருகிறது? "போறேன்" என்றான்.

'கட்டாயம் வருவேன்' என்ற வரிக்கு வருகிறேன். அது உங்களுக்கு நல்ல தமிழ்ப் பிள்ளை பேசுகிற பணிவான வரியாகத் தெரிந்திருக்கும். அங்கே சேர்க்கைப் பிரிவில் அதை ஒரு வாக்குறுதியாகத்தான் வாசிப்பார்கள். விண்ணப்பத்தில் உள்ளதெல்லாம் தன் சொந்த எழுத்து, உண்மை என்று மாணவன் கையொப்பமிட்டுத்தான் அனுப்புகிறான். வேறொருவர் எழுதியது என்று தெரிந்தால் கொடுத்த இடத்தையே திரும்பப் பெற முடியும். நீங்கள் செய்த உதவியால் கெடப்போவது அவன் பெயர்தான்.

நீங்கள் கேட்டவற்றுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேரில் போக வேண்டாம். சான்றிதழ் கட்டும் வேண்டாம். பெரும்பாலான இடங்களில் அந்தப் பட்டியலுக்கு ஒன்று, இரண்டு என்ற வரிசையே கிடையாது. இடம் கிடைத்தவர்களில் எத்தனை பேர் மே 1ஆம் தேதிக்குள் வருகிறேன் என்று உறுதி செய்கிறார்கள் என்று எண்ணுவார்கள். குறைந்தால், எந்தத் துறையில் ஆள் குறைகிறதோ அதற்கேற்ற பிள்ளையைப் பட்டியலிலிருந்து எடுப்பார்கள். குறையாத ஆண்டில் ஒருவரையும் எடுக்காமல் விடுவதும் உண்டு. பல பல்கலைக்கழகங்கள் 'காமன் டேட்டா செட்' என்று ஓர் ஆவணத்தை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதில் சி2 என்ற பகுதியில், எத்தனை பேரைப் பட்டியலில் வைத்தார்கள், எத்தனை பேர் நிற்கச் சம்மதித்தார்கள், கடைசியில் எத்தனை பேரை எடுத்தார்கள் என்று மூன்று எண்கள் இருக்கும். 4,000 வெள்ளி வாங்கியவர் அதைக் காட்டியிருக்க வேண்டும். ஆசிரியர் எந்த நாளில் கடிதம் அனுப்பினார் என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

"பணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம்" என்பதையும் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அங்குள்ள பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 85,000 அமெரிக்க டாலரைத் தாண்டுகிறது. அப்படி நான்கு ஆண்டுகள். மத்திய சேமநிதிச் சேமிப்பிலிருந்து எடுக்கும் கல்விக் கடன் இங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளுக்குத்தான், வெளிநாட்டுக்கு ஆகாது. உங்கள் 'எப்படியாவது' அவன் காதிலும் விழுந்திருக்கும். அதனால்தான் வேண்டாம் என்றானா? அல்லது நான்கு இடத்தில் இல்லை என்ற பிறகு ஐந்தாவதைக் கெஞ்ச மனம் வரவில்லையா? அல்லது அவனுக்கு நிஜமாகவே இங்கே படிக்கத்தான் ஆசையா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இவ்வளவு நீளக் கடிதத்தில் அவனிடம் "ஏன்ப்பா?" என்று கேட்டதாக ஒரு வரி இல்லை.

கணவர் "விடு" என்கிறார் என்று குறைப்படுகிறீர்கள். அவருக்கு இந்த 'ஆம்' விஷயம் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் அவர் ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்க மாட்டார்.

இந்த வாரக் கடைசியில் சொல்லிவிடுங்கள். கணவரும் பக்கத்தில் இருக்கட்டும். கோபப்படுவான். படட்டும், இருபது வயதுப் பையனுக்கு அந்த உரிமையாவது வேண்டாமா? பிறகு பட்டியலிலிருந்து விலகுவதா, தொடர்வதா என்பது அவன் பாடு. விலக நினைத்தால் அவன் எழுதும் இரண்டு வரி மின்னஞ்சல் போதும், அந்த இடம் வேறொரு பிள்ளைக்கு உதவும். "இருந்துட்டுப் போகட்டும்மா" என்றும் சொல்லலாம், ஆச்சரியப்பட மாட்டேன். அப்படிச் சொன்னால் மேற்கொண்டு எழுத வேண்டியதை அவனே எழுதட்டும். நீங்கள் எழுத்துப்பிழைகூடத் திருத்தக் கூடாது. எதைத் தேர்ந்தாலும் அன்று இரவே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள், மாற்றும்போது நீங்கள் அடுப்படிக்குப் போய்விடுங்கள்.

எப்படித் தொடங்குவது என்று திணறுவீர்கள் என்பதால் வாக்கியத்தையும் நானே தருகிறேன். "தம்பி, நீ வேணாம்னு சொன்ன பிறகும் உன் பேர்ல நான் எழுதி அனுப்பிட்டேன்." இவ்வளவுதான். அடுத்து 'ஏன்னா' என்று ஒரு சொல் தொண்டைவரை வரும். அதை விழுங்கிவிட்டு அவன் வாய் திறக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.