கேஸ் தகன மேடையில் உடல் எப்படி எரிகிறது? புகை ஏன் அவ்வளவாகத் தெரிவதில்லை?

தகன மேடை என்று சொன்னாலும் உள்ளே இருப்பது ஒரு உலைதான். அதன் உள்சுவர் முழுக்கத் தீச்செங்கல். சூட்டைத் தாங்கும், பிடித்தும் வைக்கும். அதனால்தான் காலையில் முதல் உடலுக்கு கேஸ் அதிகம் பிடிக்கும். அடுத்தடுத்து வந்தால் குறையும்.

தள்ளுவண்டியில் வரும் உடலை உள்ளே விட்டுக் கதவை இறக்குவார்கள். இது முதல் அறை. பர்னர் தீயைத் தரும், புளோயர் காற்றைத் தள்ளும். சூடு சுமார் 760 முதல் 980 டிகிரி செல்சியஸ். உடலில் பாதிக்கு மேல் தண்ணீர்; முதலில் அது ஆவியாக வேண்டும். அப்புறம் உடற்கொழுப்பே எரிபொருளாகிவிடும். அந்தக் கட்டத்தில் விவரமான ஆபரேட்டர் பர்னரைக் குறைத்துக் காற்றைக் கவனிப்பார்.

புகைக்கான பதில் இரண்டாம் அறையில் இருக்கிறது. முதல் அறையில் அரைகுறையாக எரிந்த வாயுக்கள் இங்கே தனி பர்னரில், சுமார் 850 டிகிரியில் மறுபடி எரிகின்றன. பிறகு ஸ்கிரப்பர் என்ற புகை கழுவும் கருவியில் தண்ணீர் தெளித்து, தூசியைப் பிடித்து, மிச்சத்தைப் புகைபோக்கி வழியே விடுவார்கள். கறுப்புப் புகை வந்தால் பெரும்பாலும் இரண்டாம் அறை சூடேறவில்லை, அல்லது காற்று போதவில்லை.

ஒன்றரை மணி நேரம் போல ஆகும். மிஞ்சும் ‘சாம்பல்’ பெரும்பாலும் எலும்புதான், அதாவது கால்சியம் பாஸ்பேட். மேலை நாடுகளில் அதை இயந்திரத்தில் பொடியாக்கித் தருவார்கள். இங்கே எலும்புத் துண்டுகளாகவே கலசத்தில் வரும்.

இறந்தவருக்கு பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) பொருத்தியிருந்தால் ஊழியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அதை எடுக்காமல் உள்ளே விட்டால் பேட்டரி வெடிக்கும்.