30ஆம் வசனம் யாருக்கு?

கேள்வி: அக்கா, வீட்டில் எனக்கு மட்டும் பர்தா போடு, ஜன்னலோரம் நிற்காதே என்று ஆயிரம் சட்டம். தம்பியை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மார்க்கமே இப்படித்தானா?

பதில்: குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்தை எடுத்துப் பாரும்மா. பார்வையைத் தாழ்த்து, கற்பைக் காத்துக்கொள் என்று 30ஆம் வசனம் சொல்வது ஆண்களிடம். பெண்களுக்கானது அதற்கு அடுத்ததுதான். அதில் பெண்ணின் உடை பற்றிக் கூடுதலாக இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் 30ஐத் தாண்டிப்போய் 31ஐ மட்டும் ஓதுவது நாம் செய்யும் அநியாயம். தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து 30ஐ வாசிக்கச் சொல்.

கேள்வி: சொத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. இது பாரபட்சம்தானே?

பதில்: ஆமாம், குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 11ஆம் வசனம் (4:11) அப்படித்தான் சொல்கிறது. மணமகளுக்குத் தரவேண்டிய மணக்கொடையான மஹர் கொடுப்பதும் குடும்பச் செலவும் ஆணின் கடமை, பெண்ணின் பணம் அவளுக்கே என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். பெற்றோரையே ஒரு மகள் சம்பாதித்துக் காப்பாற்றும் வீட்டில் அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்குச் சமமாக அன்பளிப்பு எழுதி வைக்கத் தடையில்லை. அப்புறம், “உன் கல்யாணத்துக்குத்தான் செலவு செய்தோமே” என்று கையெழுத்து வாங்கி அந்த ஒரு பங்கையும் எடுத்துக்கொள்ளும் அண்ணன்களுக்கு எந்த வசனமும் துணை இல்லை.

கேள்வி: கணவன் தலாக் சொன்னால் முடிந்தது. மனைவி பிரிய நினைத்தால் மட்டும் ஏன் இத்தனை அலைச்சல், சகோதரி?

பதில்: எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் இது. நபித்தோழர் ஸாபித் இப்னு கைஸின் மனைவி நபியிடம் வந்தார். கணவரின் குணத்திலோ மார்க்கப்பற்றிலோ குறை இல்லை, ஆனாலும் சேர்ந்து வாழ முடியவில்லை என்றார். மஹராக வாங்கிய தோட்டத்தைத் திருப்பித் தருகிறாயா என்று நபி கேட்டார். சரி என்றார் அந்தப் பெண். தோட்டத்தைப் பெற்றுக்கொண்டு தலாக் கொடு என்று ஸாபித்திடம் சொல்லப்பட்டது. அடித்தானா, சாட்சி உண்டா என்று யாரும் அந்தப் பெண்ணைத் துருவவில்லை. மனைவி கேட்டுப் பெறும் இந்த மணவிலக்குதான் குலா. பிற்காலச் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் இதற்குக் கணவனின் சம்மதம் வேண்டும் என்றார்கள். தலாக்கிற்கு மனைவியின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. இரட்டை அளவுகோல் நுழைந்த இடம் இதுதான் என்பேன். கணவன் மறுத்தாலும் நீதிமன்றம் குலா தரலாம் என்று எகிப்து சட்டம் போட்டது 2000ஆம் ஆண்டில்தான்.

கேள்வி: நான்கு மனைவி?

பதில்: 4:3 அனுமதிக்கிறது, நீதி செலுத்த முடியாது என்று அஞ்சினால் ஒருத்தி போதும் என்கிறது. மனைவியரிடையே சமமாக நடக்க உங்களால் முடியவே முடியாது என்கிறது 4:129. துனிசியா பலதார மணத்தை 1956இலேயே தடை செய்துவிட்டது.