வாசகர் கேள்வி: சாட்ஸ்வர்த்தில் ஒரு பகல்

கே: ஜூலையில் லண்டனில் மகள் வீட்டுக்குப் போகிறோம். டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வர்த் மாளிகையை ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாமா? மகளிடம் நேஷனல் டிரஸ்ட் (பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் அறக்கட்டளை) உறுப்பினர் அட்டை இருக்கிறது. (வாசகி, திருச்சி)

ப: காலையிலேயே கிளம்பினால் முடியும். லண்டனின் செயின்ட் பேன்க்ராஸ் நிலையத்திலிருந்து செஸ்டர்ஃபீல்டுக்கு ரயிலில் சுமார் 2 மணி நேரம், பிறகு டாக்ஸி. அட்டை அங்கே செல்லாது. சாட்ஸ்வர்த் டெவன்ஷயர் டியூக் குடும்பத்தின் வீடு. நடத்துவது தனி அறக்கட்டளை. (அட்டை செல்லும் ஹார்ட்விக் ஹால் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஒரே நாளில் இரண்டையும் பார்க்க ஆசைப்பட்டால் இரண்டுமே அரைகுறையாகும்.) மாளிகைக்கு நேரம் குறித்த டிக்கெட்டை முன்பதிவு செய்யுங்கள், ரயில் தாமதத்துக்கு ஒரு மணி நேரம் விட்டு வையுங்கள். தோட்டம் 105 ஏக்கர், மேடு பள்ளம். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். மழைக்கோட்டு ஜூலையிலும் வேண்டும்.

கே: பகலிலும் அறைகள் இருட்டாக இருக்குமாமே, ஏன்? (வாசகர், மதுரை)

ப: வெளிச்சம் பட்டால் பட்டும் சாயமும் வெளுக்கும், வெளுத்தது திரும்பாது. அதனால் திரையை இறக்கியே வைக்கிறார்கள். உள்ளே போனதும் கண் பழக ஒரு நிமிடம் நில்லுங்கள். இசை அறையில் பாதி திறந்த கதவுக்கு அப்பால், உள்கதவில் ஒரு வயலின் தொங்கும். நரம்பு, வில், விழும் நிழல் எல்லாமே ஓவியம். அவசரமாக நடப்பவர்கள் நிஜ வயலின் என்றே நினைத்துப் போய்விடுவார்கள்.

கே: அங்குள்ள பெரிய நீரூற்றுக்கு மோட்டாரே இல்லையாமே? (வாசகர், ஈரோடு)

ப: இல்லை. மேட்டில் 8 ஏக்கர் ஏரி. அங்கிருந்து குழாயில் இறங்கும் நீரின் அழுத்தம்தான் ஊற்றை எழுப்புகிறது. வீட்டு மாடித் தொட்டி தத்துவமே. ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கோலஸ் வருவார் என்று சாட்ஸ்வர்த்தின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் 1844-இல் 6 மாதத்தில் கட்டி முடித்தார். 90 மீட்டர் வரை எழும்பியதாகப் பதிவு. சக்கரவர்த்தி வரவேயில்லை! காற்று வீசினால் சாரல் ஒரே பக்கமாக அடிக்கும். காற்று வரும் பக்கம் நின்றால் நனையாமல் படமெடுக்கலாம். 24 படிக்கட்டு அருவி பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்பட்டிருக்கலாம். இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

கே: கேவண்டிஷ் வாழைக்கும் சாட்ஸ்வர்த்துக்கும் தொடர்பு உண்டா? (வாசகி, தேனி)

ப: கேவண்டிஷ் என்பது அந்த டியூக்கின் குடும்பப் பெயர். மொரிஷியஸிலிருந்து வந்த கன்றை அதே பாக்ஸ்டன் அங்கே கண்ணாடி வீட்டில் வளர்த்தார், 1835-இல் பூத்தது. குட்டை ரகமாதலால் கூரை இடிக்கவில்லை. நம் கடைகளில் மோரிஸ் என்று விற்பதும் கேவண்டிஷ் வகைதான்.