வீகன் ஆய்வுகளை எப்படிப் படிப்பது? வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பால், தயிர், நெய், முட்டை, தேன் எதுவும் சேராத வீகன் உணவைப் பற்றியவை. நனிசைவம் என்று சிலர் எழுதுவதும் இதைத்தான்.

அமெரிக்காவில் இரட்டையர்களை வைத்து நடத்திய ஆய்வில், இரண்டே மாதத்தில் வீகன் உணவு கெட்ட கொழுப்பைக் குறைத்துவிட்டது என்று படித்தேன். நம்பி மாறலாமா?
– வாசகர், ஈரோடு

அது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்து 2023 நவம்பரில் வெளியான ஆய்வு. ஒரே கருவில் உருவான 22 ஜோடி இரட்டையர்களில் ஒருவருக்கு வீகன் உணவு, மற்றவருக்கு இறைச்சி, முட்டை, பால் சேர்ந்த உணவு. இரு தரப்புக்கும் காய்கறி, பயறு, முழுதானியம் நிறையவே கொடுத்தார்கள். முதல் 4 வாரம் சமைத்த சாப்பாடு வீட்டுக்கே வந்தது, அடுத்த 4 வாரம் அவரவரே சமைத்துக்கொண்டார்கள். வீகன் தரப்பில் எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பின் சராசரி 110.7-லிருந்து 95.5-க்கு இறங்கியது. மற்றவர்களுக்கு 118.5-லிருந்து 116.1.

இரட்டையர்களுக்கு மரபணு ஒன்றே, பெரும்பாலும் வளர்ந்த வீடும் ஒன்றே. அதனால் "இவர் உடல்வாகு அப்படி" என்று இந்த வித்தியாசத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் வீகன் தரப்பினர் மற்றவர்களைவிட ஏறத்தாழ 2 கிலோ கூடுதலாக எடையும் குறைந்தார்கள். எடை இறங்கினாலே எல்டிஎல் சற்று இறங்கும். இதில் உணவின் பங்கு எவ்வளவு, எடையின் பங்கு எவ்வளவு என்று இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. அத்துடன் எல்டிஎல் என்பது ரத்தத்தில் தெரியும் ஓர் அடையாளம்தான். 44 பேரை 8 வாரம் பார்த்து மாரடைப்பைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது.

மாரடைப்பைப் பற்றித் தெரிய ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் தொடர வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு அப்படிப்பட்டது. பிரிட்டனில் 1993-லிருந்து ஆள் சேர்த்தார்கள். 48,000-க்கும் மேற்பட்டவர்களை 18 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019-ல் வெளியிட்ட முடிவு இது: இறைச்சி உண்பவர்களோடு ஒப்பிட்டால், வீகன்களும் சேர்ந்த சைவர்களிடம் 1,000 பேருக்கு 10 ஆண்டில் இதய ரத்தக்குழாய் நோய் வந்தவர்கள் 10 பேர் குறைவு, பக்கவாதம் வந்தவர்கள் 3 பேர் அதிகம். கூடிய பக்கவாதம் பெரும்பாலும் மூளையில் ரத்தம் கசியும் வகை. வீகன்களின் எண்ணிக்கை சிறியது என்பதால் அவர்களைச் சைவர்களோடு சேர்த்தே கணக்கிட்டார்கள். இதைச் சொல்லாமல் "வீகன் உணவு பக்கவாதம் தரும்" என்று தலைப்புப் போடுவது சரியல்ல.

மாறுவதாக இருந்தால் எண்ணெயைக் கவனியுங்கள். நெய்யை விட்டவர்கள் தாளிப்பிலிருந்து இனிப்பு வரை எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்க்குப் போய்விடுவது நம் சமையலறைகளில் வழக்கமாக நடக்கும் தவறு. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 80 சதவீதத்துக்கும் மேல், நெய்யைவிட அதிகம். பிறகு "வீகனாகியும் எல்டிஎல் இறங்கவில்லையே" என்று வருந்துவார்கள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் பரவாயில்லை. சர்க்கரை அல்லது ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே மாற வேண்டும். உணவு மாறும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம்.

வீகன்களுக்கு எலும்பு முறிவு இரண்டு மடங்கு என்கிறார்களே? என் அம்மாவுக்கு 58 வயது, ஓராண்டாகப் பாலை விட்டுவிட்டார்.
– வாசகி, கோவை

இதுவும் எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு முடிவுதான், 2020-ல் வெளியானது. ஏறத்தாழ 55,000 பேர், சராசரி 17.6 ஆண்டுகள். இறைச்சி உண்பவர்களோடு ஒப்பிட்டால் வீகன்களிடம் இடுப்பு எலும்பு முறிவு 2.3 மடங்கு, எல்லா முறிவுகளையும் சேர்த்தால் 1.43 மடங்கு. ஆட்கணக்கில் சொன்னால், 1,000 வீகன்களில் 10 ஆண்டில் கூடுதலாக இடுப்பு முறிந்தவர்கள் ஏறத்தாழ 15 பேர். பீதி அடைய வேண்டிய எண் அல்ல. ஆனால் உங்கள் அம்மாவின் வயதில் அலட்சியப்படுத்தக் கூடாத எண்.

காரணம் தேடியபோது மூன்று விஷயங்கள் தெரிந்தன: வீகன்களின் உடல் எடை குறைவு, கால்சியம் குறைவு, புரதம் குறைவு. இம்மூன்றையும் கணக்கில் எடுத்துத் திருத்தியபோது இடைவெளி சுருங்கியது, ஆனால் மறைந்துவிடவில்லை. ஒல்லியாக இருப்பவர் விழுந்தால் இடுப்பைக் காக்கும் சதை குறைவு, எலும்பு தாங்கிப் பழகிய பாரமும் குறைவு.

கால்சியத்துக்கு வருவோம். இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் பெரியவர்களுக்கான அளவை நாளொன்றுக்கு 600 மி.கி.-லிருந்து 1,000 மி.கி.-ஆக உயர்த்தியது. அந்நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைப்படி 100 கிராமில் அகத்திக்கீரையில் சுமார் 900 மி.கி., கேழ்வரகில் 364, முருங்கைக்கீரையில் 314. அட்டவணை எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம், அதில் குடல் எவ்வளவை எடுத்துக்கொள்கிறது என்பது தனிக் கணக்கு. அமெரிக்க எலும்பு ஆய்வாளர் ராபர்ட் ஹீனி 1988-ல் அளந்து காட்டியபடி, பாலின் கால்சியத்தில் கால் பங்குக்கு மேல் உடலில் சேர்கிறது; பசலை வகையான ஸ்பினாச்சில் 5 சதவீதம்தான். அந்தக் கீரையில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தண்டுக்கீரை, முளைக்கீரை, தோலோடு கூடிய எள் ஆகியவற்றிலும் ஆக்சலேட் உண்டு. கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் ஒரு பகுதி போகும். எள்ளைத் தோல் நீக்கினால் ஆக்சலேட் குறையும், கூடவே கால்சியத்தின் பெரும் பகுதியும் போய்விடும்.

அம்மாவுக்கு நடைமுறையில் இப்படி அமைக்கலாம். காலையில் 60–70 கிராம் கேழ்வரகு மாவில் தோசை அல்லது களி. தானியத்தை ஊறவைத்து முளைகட்டி அரைத்த மாவானால் நல்லது, கால்சியத்தை உடலில் சேரவிடாத ஃபைட்டேட் குறையும். மதியம் முருங்கைக்கீரை. கால்சியம் சல்பேட்டால் உறையவைத்த டோஃபு கிடைத்தால் 100 கிராம். கால்சியம் செறிவூட்டிய சோயா பால் ஒரு தம்ளர். அந்தப் பெட்டியை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி ஊற்றச் சொல்லுங்கள். சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும், குலுக்காமல் ஊற்றினால் அது பெட்டியிலேயே தங்கிவிடும். வீட்டில் அரைக்கும் தேங்காய்ப்பால், பாதாம்பால் இரண்டும் ருசிக்கு நல்லவை. கால்சியத்துக்குப் பாலின் இடத்தில் வைக்க முடியாது.

இத்தனையும் செய்தும் 1,000 மி.கி. எட்டாவிட்டால் மாத்திரை தேவைப்படலாம். ஒரே வேளையில் 500 மி.கி.-க்கு மேல் எடுத்தால் உறிஞ்சும் விகிதம் குறையும், பிரித்து எடுப்பதே சரி. வைட்டமின் டி அளவை ஒருமுறை ரத்தத்தில் பாருங்கள். டி3 மாத்திரைகளில் பெரும்பாலானவை ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுத்தவை. வேண்டாம் என்பவர்களுக்கு டி2, அல்லது பாசிப்படர்விலிருந்து எடுத்த டி3 உண்டு.

பாரம் தூக்கும் பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். வியன்னாவில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், எடைப் பயிற்சி செய்யும் வீகன்களின் எலும்பு அமைப்பு, அதே பயிற்சி செய்யும் மற்றவர்களுக்கு ஈடாகவே இருந்தது. 58 வயதில் பயிற்சியாளர் உதவியோடு வாரம் இரண்டு நாள் தொடங்கலாம்.

வைட்டமின் பி12-க்கு மாத்திரை வேண்டாம், பழைய சோறும் ஸ்பைருலினாவும் போதும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். சரியா?
– வாசகர், திருநெல்வேலி

சரியல்ல. இந்த இதழில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

பி12-ஐச் செடியும் செய்யாது, விலங்கும் செய்யாது; சில பாக்டீரியாக்களே செய்கின்றன. பழைய சோற்றைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களிடம் நம்பத்தக்க அளவில் அது கிடைப்பதில்லை. பழைய சோறு நல்ல உணவுதான், அதன் மேல் இந்தப் பாரத்தை ஏற்ற வேண்டாம். ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியில் நடப்பது வேறு. பழைய சோதனை முறையில், ஒரு பாக்டீரியா எவ்வளவு வளர்கிறது என்பதை வைத்து பி12-ஐ அளப்பார்கள். அந்தப் பாக்டீரியா போலி பி12-ஐயும் தின்று வளரும், எண் பெரிதாக வரும். ஜப்பானில் வத்தனபே குழு 1999-ல் பிரித்துப் பார்த்தபோது, ஸ்பைருலினா மாத்திரைகளில் இருந்ததில் பெரும்பகுதி மனித உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம் என்று தெரிந்தது.

"மூன்று வருஷமாக வீகன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பவர்கள் கல்லீரல் சேமிப்பில் ஓடிக்கொண்டிருக்கலாம். அந்தக் கையிருப்பு சில ஆண்டுகளுக்குத் தாங்கும். மேலே சொன்ன ஸ்டான்ஃபோர்டு ஆய்விலும் வீகன் தரப்பு உட்கொண்ட பி12 குறைவு, 8 வார முடிவில் ரத்த அளவில் பெரிய மாற்றம் இல்லை. குறுகிய கால ஆய்வு இந்தக் குறைபாட்டைக் காட்டவே காட்டாது. கீரையும் பயறும் தரும் ஃபோலேட் என்ற பி வைட்டமின் இன்னொரு திரை: ரத்தசோகை தலைகாட்டாமல் மறைத்துவிடும், நரம்பு பாதிப்பு மட்டும் உள்ளே வளரும். பாதத்தில் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம், மறதி வரும்வரை காத்திருந்தால் சில சேதங்கள் திரும்பாது.

அளவு இதுதான். 1944-ல் இங்கிலாந்தில் தொடங்கிய வீகன் சொசைட்டியே சொல்வது: செறிவூட்டிய உணவில் நாளுக்கு 3 மைக்ரோகிராமாவது, பிரித்துப் பிரித்து, அல்லது தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது வாரம் 2,000 மைக்ரோகிராம். எண்கள் ஏன் இப்படித் தாவுகின்றன? குடலின் சிறப்பு வழியில் ஒரு வேளைக்கு 2 மைக்ரோகிராம் அளவே நுழைய முடியும். மீதியில் ஏறத்தாழ 1 சதவீதம் தானாகக் கசிந்து சேரும். வாரம் ஒருமுறை என்றால் அந்தக் கசிவை நம்பி அதிகம் போட வேண்டியிருக்கிறது.

நம் மருந்துக் கடைகளில் தனி மாத்திரை பெரும்பாலும் மீத்தைல்கோபாலமின் என்ற பி12 வடிவம், 500 அல்லது 1,500 மைக்ரோகிராம். இன்னொரு வடிவமான சயனோகோபாலமின் மலிவு, எளிதில் கெடாது, அதிக ஆய்வு நடந்ததும் அதில்தான். கேப்சூல் உறை விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினா என்று அட்டையில் பாருங்கள். பரிசோதனையில் பி12 எல்லைக்கோட்டில் இருந்தால், பி12 குறையும்போது ரத்தத்தில் கூடும் ஹோமோசிஸ்டீனும் பார்ப்பது நல்லது. ஸ்பைருலினா சாப்பிடுபவர்களுக்குச் சாதாரண பி12 சோதனை பொய்யான ஆறுதல் தரக்கூடும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்களுக்கு பி12 மேலும் குறையும்.

பால் குடிப்பவர்களுக்கும் ஒரு சொல்: புனே பகுதியில் நடுவயது ஆண்கள் 441 பேரை யாஜ்னிக் குழு பரிசோதித்து 2006-ல் வெளியிட்டதில் 67 சதவீதம் பேருக்கு பி12 குறைவு. அவர்கள் வீகன்கள் அல்லர்.

ஜிம்முக்குப் போகிறேன். சோறு, பருப்பு, சோயாவில் தசை ஏறுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ஏறும். சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் 2021-ல் வெளியான ஆய்வில் 19 வீகன் இளைஞர்களும் அசைவம் உண்ணும் 19 இளைஞர்களும் 12 வாரம் கால் பயிற்சி செய்தார்கள். இரு தரப்புக்கும் புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம், குறைந்ததை ஒருவருக்குச் சோயா, மற்றவருக்கு மோர்ப்புரதம் கொடுத்து நிரப்பினார்கள். தசையும் பலமும் இரு தரப்பிலும் ஒரே மாதிரி கூடின.

சிக்கல் அந்த 1.6-ஐ எட்டுவதில்தான். 65 கிலோ எடைக்கு 104 கிராம் புரதம் வேண்டும். ஒரு வேளைச் சாம்பாரில் ஒருவருக்கு விழும் துவரம்பருப்பு 25–30 கிராம் என்றால் புரதம் 6 கிராம்தான். தட்டில் பருப்பு தெரிகிறது, அளவு போதவில்லை. உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 25 கிராமுக்கு மேல் வரும். அதோடு கொண்டைக்கடலை, நிலக்கடலை, டோஃபு என்று ஒவ்வொரு வேளையிலும் ஒன்று இருக்கட்டும். புரதத்தின் கூறுகளில், அரிசியில் குறையும் லைசினைப் பருப்பு தரும், பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி தரும்; இரண்டும் ஒரே வேளையில் சேர வேண்டிய கட்டாயமில்லை, ஒரே நாளில் சேர்ந்தால் போதும்.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வீகனாக இருக்கலாமா? ஒரு நாடு ஆம் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறதே.
– வாசகி, சிங்கப்பூர்

அமெரிக்க உணவியலாளர் அமைப்பு 2016-ல், நன்றாகத் திட்டமிட்டால் எல்லா வயதுக்கும் பொருந்தும் என்றது. 2025 அறிக்கையில் பெரியவர்களைப் பற்றி மட்டும் பேசியது. ஜெர்மன் ஊட்டச்சத்துச் சங்கம் 2016-ல் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கவில்லை. 2024-ல், சான்று போதாததால் ஆதரித்தோ எதிர்த்தோ சொல்வதற்கில்லை என்று மாற்றியது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் நீண்டகால ஆய்வுகள் குறைவு என்பதே.

எங்கள் கருத்து: பி12, அயோடின், டிஹெச்ஏ (மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு), இரும்பு ஆகியவற்றை மருத்துவரோடு எண்ணிக் கணக்கிட முடியும் குடும்பம் மட்டுமே செய்யலாம். ஆளிவிதையின் ஒமேகா-3 டிஹெச்ஏ-வாக மாறுவது மிகச் சிறிதளவே, பாசி எண்ணெய் கேப்சூல் நேரான வழி. இந்துப்புக்கு மாறியவர்கள் அயோடின் சேர்த்த உப்புக்குத் திரும்ப வேண்டும். ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பாதாம்பாலோ அரிசிப்பாலோ கொடுக்கவே கூடாது.

சாப்பிட்டவுடன் கறுப்புத் தேநீர் குடித்தால் இரும்புச் சத்து சேராதா?
– வாசகர், நுவரெலியா

நன்றாகவே குறையும். தேயிலையின் டானின் பயறு, கீரையின் இரும்பைக் கட்டிவிடும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள். சுண்டலில் எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழியுங்கள்; இரும்பு உடலில் சேர உதவும் வைட்டமின் சி கொதிக்கும் சூட்டில் சிதைந்துவிடும். நெல்லிக்காய்த் துவையல், கொய்யா இரண்டில் ஒன்று அதே வேளையில் இருந்தாலும் போதும்.