கிராமத்து மக்களே சேர்ந்து, நீரும் நிலமும் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் நீடித்த வாழ்க்கை முறையைத் தொடங்க முடியுமா? எங்கே ஆரம்பிப்பது?

தாராளமாக முடியும். தண்ணீர்க் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள்.

மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் வறட்சிப் பகுதியில் இருக்கும் ஊர். ஒவ்வொரு வருடமும் பெய்த மழையை அளந்து, குடிக்க எவ்வளவு, மாடுகளுக்கு எவ்வளவு, பயிருக்கு எவ்வளவு என்று கிராம சபையில் பேசி முடிவு செய்கிறார்கள். மழை குறைந்தால் அதற்கேற்ற பயிர்தான். பாசனத்துக்கு போர்வெல் கூடாது என்பதும் அவர்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு.

மழைநீரைத் தடுத்து நிறுத்த மலைச்சரிவில் வரப்பு வெட்ட நான்கு பேர் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள். பக்கத்துத் தோட்டக்காரரை இன்னொரு போர் போடாமல் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம். அதனால் விதிகளை வெளியாள் எழுதித் தரக் கூடாது, ஊர் கூடித்தான் எழுத வேண்டும்.

சரி, முதல் வேலை? பொது இடத்தில் ஒரு மழைமானி வையுங்கள். மழையளவையும் கிணற்று நீர்மட்டத்தையும் எல்லோர் கண்ணிலும் படும்படி பலகையில் எழுதிவாருங்கள். அப்புறம் கூட்டத்தில் ஊகமாக யாரும் பேச வேண்டியிருக்காது.