ஆசிரியர் பயிற்சி பெற்ற மார்ட்டி அஹ்திசாரி பின்லாந்தின் குடியரசுத் தலைவரானது எப்படி?

கட்சியில் படிப்படியாக உயர்ந்து அல்ல, வெளிநாட்டுப் பணியின் வழியாக என்பதே என் பதில். குடியரசுத் தலைவராகும் வரை அவர் நாடாளுமன்ற உறுப்பினராகவோ அமைச்சராகவோ இருந்ததே இல்லை.

1937இல் அவர் பிறந்த வீபுரி நகரம் போரில் சோவியத் ஒன்றியத்தின் வசமானதால், குடும்பம் இடம்பெயர்ந்து குவோபியோவிலும் பின்னர் ஒவுலுவிலும் வாழ்ந்தது. ஒவுலுவில் 1959இல் ஆசிரியர் பயிற்சியை முடித்தவர், மறு ஆண்டே கராச்சிக்குச் சென்று, ஒய்.எம்.சி.ஏ.யின் உடற்கல்விப் பயிற்சிப் பணியில் சேர்ந்தார். ஆசிரியர் படிப்பால் அவருக்குக் கிடைத்த பெரிய பலன் இந்தக் கராச்சிப் பயணம்தான் என்று நான் கருதுகிறேன். வளரும் நாடு ஒன்றில் வேலை பார்த்த அனுபவத்தோடு 1965இல் வெளியுறவு அமைச்சகத்தில் நுழைந்து வளர்ச்சி உதவிப் பணிகளைக் கவனித்த அவர், 1973இல் தான்சானியாவுக்குத் தூதரானார். அந்நாட்டின் தார் எஸ் சலாம் நகரம் அப்போது ஆப்பிரிக்க விடுதலை இயக்கங்கள் கூடும் இடமாக இருந்தது. தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த நமீபியாவின் விடுதலை இயக்கமான ஸ்வாப்போவின் தலைவர்களோடு அங்கே ஏற்பட்ட நெருக்கம், 1977இல் ஐ.நா.வின் நமீபிய ஆணையராக அவர் பொறுப்பேற்கத் துணையாயிற்று. 1990 மார்ச் 21 அன்று நமீபியா விடுதலை பெற்றபோது, அதற்கு முந்தைய தேர்தலையும் மாற்றக் காலத்தையும் ஐ.நா. சார்பில் மேற்பார்த்தவர் அவரே.

1990களின் தொடக்கத்தில் பின்லாந்தைக் கடும் பொருளாதார வீழ்ச்சி வாட்டியது. பழகிய முகங்கள் மீது மக்களுக்குச் சலிப்பு ஏற்பட்டிருந்தது. சமூக ஜனநாயகக் கட்சி 1993இல் உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் வாக்களிக்க இடம் தந்து வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது. அதில் முன்னாள் பிரதமர் கலெவி சோர்சாவை அஹ்திசாரி தோற்கடித்தார். மக்கள் சார்பில் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுத்த தேர்வாளர் குழுவின் பங்கு நீங்கி, முழுக்க மக்களே நேரடியாக வாக்களித்த முதல் தேர்தல் 1994இல் நடந்தது. அதன் இரண்டாம் சுற்றில், அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் எலிசபெத் ரேனை அஹ்திசாரி வென்றார். பழைய முறை நீடித்திருந்தால், கட்சிப் பேரங்களுக்குப் புறம்பான இவருக்கு அப்பதவி கிட்டியிருக்குமா என்பது ஐயமே.

பதவியில் இருந்த காலத்தில் என்னைக் கவர்ந்தது 1999 ஜூன் மாதத்து பெல்கிரேடு சந்திப்பு. ரஷ்யத் தூதர் செர்னோமிர்தினுடன் சென்ற அவர், கொசோவோ போரை நிறுத்துவதற்கான நிபந்தனைகளை யூகோஸ்லாவியத் தலைவர் மிலோசெவிச்சின் முன் உரக்க வாசித்தார். திருத்தம் செய்யலாமா என்ற கேள்விக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார். பழைய ஆசிரியர் அங்கேதான் எனக்குத் தென்படுகிறார்.

ஆனால் உள்நாட்டு அரசியல் அவருக்குக் கடைசிவரை முழுதாக ஒத்துவரவில்லை. மீண்டும் ஓர் உட்கட்சித் தேர்தலைச் சந்திக்க மறுத்து 2000இல் ஒரே பதவிக் காலத்தோடு விலகிய அவர், அதே ஆண்டில் சமரச முயற்சிகளுக்கான ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதன் வழியாக 2005 ஜனவரியில் இந்தோனேசிய அரசையும், அந்நாட்டின் அச்சே மாகாணத்துக் கிளர்ச்சியாளர்களையும் ஹெல்சிங்கிக்கு அருகே பேச உட்கார வைத்தார். தனிநாடு என்ற கோரிக்கைக்குப் பதிலாகத் தன்னாட்சி என்ற அடிப்படையில் ஐந்து சுற்றுகளில் பேச்சு முடிந்து, ஆகஸ்ட் 15 அன்று உடன்பாடு கையெழுத்தானது. 2006 டிசம்பரில் அச்சேயின் ஆளுநராக மக்கள் தேர்ந்தெடுத்தது, முன்னாள் கிளர்ச்சியாளர் இர்வாண்டி யூசுப்பை. அஹ்திசாரிக்கு அமைதிக்கான நோபல் பரிசு 2008இல் கிடைத்தது.